விடையைத் தராத விளையாட்டு

அரும்பொருளகத்திலிருந்து விலைமதிப்பற்ற பொருள் ஒன்று களவுபோய்விட்டது. திருடியவர் நாட்டை விட்டே பறந்துவிட்டார். நீங்கள்தான் துப்பறிவாளர். வங்கிக்குப் போய் விசாரிக்கிறீர்கள். “கையிலிருந்த பணத்தையெல்லாம் ஃபோரிண்டாக மாற்றிக்கொண்டார்” என்கிறார் ஊழியர். விமான நிலையத்தில் மூன்று ஊர்களுக்கு விமானம் தயாராக இருக்கிறது: ஆஸ்லோ, புடாபெஸ்ட், லீமா. எதில் ஏறுவீர்கள்?

கைப்பேசியை எடுக்கக்கூடாது. ஏனென்றால் இது 1985ஆம் ஆண்டு. கேள்வியைத் தட்டினால் விடை சொல்லும் இணையம் யார் வீட்டிலும் இல்லை. ஆனால் கணினிக்குப் பக்கத்தில் ஒரு தடித்த புத்தகம் இருக்கிறது. அதைப் புரட்டினால் ஃபோரிண்ட் என்பது ஹங்கேரியின் நாணயம் என்று தெரியவரும். ஹங்கேரியின் தலைநகரம் புடாபெஸ்ட். இனி விமானம் ஏறலாம்.

‘உலகில் கார்மன் சாண்டியேகோ எங்கே இருக்கிறார்?’ என்பது அந்த விளையாட்டின் பெயர். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலிருந்த புரோடர்பண்ட் நிறுவனம் 1985இல் ஆப்பிள் 2 கணினிக்காக இதை வெளியிட்டது. சிவப்புத் தொப்பியும் சிவப்பு மேலங்கியும் அணிந்த திருட்டுக் கும்பல் தலைவி கார்மனைப் பலருக்கும் படமாகத் தெரிந்திருக்கும். பின்னாளில் வந்த தொலைக்காட்சித் தொடர்களிலும், 2019இல் நெட்ஃபிளிக்சில் வந்த உயிரோவியத் தொடரிலும் அவர் வலம்வந்தார். 2025இல்கூட அவர் பெயரில் புதிய விளையாட்டு ஒன்று வெளிவந்தது.

நாற்பது ஆண்டுப் பழைய விளையாட்டைப் பற்றி அறிவியல் இணைப்பில் ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. படங்களும் ஒலியும் இன்றைய விளையாட்டுகளின் கால்தூசிக்குக்கூட வராது. ஆனாலும், இன்று உங்கள் கையிலுள்ள கருவிகள் செய்ய மறந்துவிட்ட ஒரு வேலையை அது செய்தது. அது விடையைத் தரவில்லை; தேட வைத்தது.

பெட்டிக்குள் ஒரு புத்தகம்

அந்தக் காலத்து ஆப்பிள் 2 கணினியின் நெகிழ்வட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் சுமார் 140 கிலோபைட் தகவலைத்தான் சேமிக்கலாம். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதைப்போலப் பல மடங்கு பெரியது. அவ்வளவு சிறிய இடத்தில் உலகத்தைப் பற்றிய விளக்கங்களை அடைக்க முடியாது. 30 நகரங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு படம், சில வரி விளக்கம், கொஞ்சம் துப்புகள் ஆகியவற்றைக் கொண்டே விளையாட்டை நடத்தினார்கள்.

மீதி உலகம் புத்தகத்தில் இருந்தது. விளையாட்டு விற்கப்பட்ட பெட்டிக்குள்ளேயே ‘தி வேர்ல்டு அல்மனாக்’ என்ற ஆண்டுத் தகவல் நூலும் இருந்தது. நாடுகள், தலைநகரங்கள், நாணயங்கள், மக்கள்தொகை என்று ஆயிரக்கணக்கான விவரங்களைக் கொண்ட அந்த நூல் 1868இல் முதன்முதலாக வெளிவந்தது. விளையாட்டுக்காக எழுதப்பட்ட நூல் அல்ல அது. பெரியவர்கள் வேலைக்குப் பயன்படுத்திய உண்மையான நூல். அதையே பிள்ளைகள் கையில் கொடுத்தார்கள். அடுத்து வந்த விளையாட்டுகளிலும் இதே வழக்கம் தொடர்ந்தது. 1986இல் வந்த அமெரிக்கப் பதிப்புடன் ஒரு பயண வழிகாட்டி நூலும், 1989இல் வந்த வரலாற்றுப் பதிப்புடன் ஒரு கலைக்களஞ்சியமும் கிடைத்தன.

அந்த 30 நகரங்களில் நம் சிங்கப்பூரும் ஒன்று. கொழும்பும் புதுடில்லியும் பாங்காக்கும்கூட இருந்தன. லண்டன், பாரிஸ், நியூயார்க் போன்ற பெயர்பெற்ற நகரங்களோடு ருவாண்டாவின் கிகாலி, மாலியின் பமாக்கோ, கொமொரோஸ் தீவுகளின் மொரோனி ஆகியவையும் இடம்பெற்றன. திருடர் எங்கே வேண்டுமானாலும் போவார். பிள்ளைகள் அதுவரை கேள்விப்படாத ஊருக்கும் அவரைத் துரத்திக்கொண்டு போக வேண்டியிருந்தது.

பத்துப் பேரில் ஒருவர்

துரத்துவது பாதி வேலைதான். திருடியவர் யார் என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகப் பட்டியலில் கார்மனையும் சேர்த்துப் பத்துப் பேர் இருந்தார்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் ஐந்து விவரங்கள்: ஆணா பெண்ணா, தலைமுடியின் நிறம், பொழுதுபோக்கு, ஓட்டும் வாகனம், தனி அடையாளம். “அவருக்குக் கறுப்பு முடி” என்று ஒரு சாட்சி சொன்னால் அதைக் கணினியில் பதிவீர்கள். பொருந்தாதவர்கள் பட்டியலிலிருந்து விலகுவார்கள். “டென்னிஸ் ஆடுவதாகச் சொன்னார்” என்று இன்னொருவர் சொன்னால் பட்டியல் மேலும் சுருங்கும்.

இதன் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கேள்வியும் பட்டியலைப் பாதியாக்கினால் 10 பேர் 5 ஆவார்கள். அடுத்து அதிகம் போனால் 3, பிறகு 2, பிறகு 1. நான்கே கேள்விகளில் ஆள் அகப்படுவார். பத்து இலட்சம் பேர் இருந்தால் எத்தனை கேள்விகள் வேண்டும்? ஆயிரக்கணக்கில் இல்லை; வெறும் 20. இரண்டை இருபது முறை பெருக்கினால் 1,048,576 வருகிறது. ஒரு கேள்வி எவ்வளவு ஐயத்தைக் குறைக்கிறது என்பதையே தகவலின் அளவாகக் கொள்ளலாம் என்று 1948இல் கிளாட் ஷனான் காட்டினார். இன்றைய மின்னிலக்கத் தொடர்பு முறைகளுக்கெல்லாம் அடித்தளம் அதுதான். பட்டியலைப் பாதியாக்கும் கேள்வி நல்ல கேள்வி. எல்லாருக்கும் பொருந்தும் விவரத்தைத் தரும் கேள்வியால் பயன் இல்லை.

இதே வேலையை நீங்கள் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் செய்கிறீர்கள். பெயர் எழுதாத கரைசலைக் கொடுத்து, அதில் என்ன அயனி இருக்கிறது என்று கேட்பார்கள். சோடியம் ஹைட்ராக்சைடைச் சில சொட்டு விடுகிறீர்கள். நீல வீழ்படிவு வந்தால் தாமிரம் என்று சந்தேகிக்கலாம். வெள்ளை வீழ்படிவு வந்து, மேலும் விட்டால் கரைந்துபோகிறதா? துத்தநாகம், அலுமினியம், ஈயம் ஆகியவை பட்டியலில் நிற்கின்றன. அடுத்து அமோனியாக் கரைசலை விட்டுப் பார்க்கிறீர்கள். மிகுதியாக விட்டபோது வீழ்படிவு கரைந்தால் துத்தநாகம். மற்ற இரண்டும் கரையாது. சோதனைக் குழாயில் நீங்கள் செய்தது, துப்பறிவாளர் வங்கியிலும் விமான நிலையத்திலும் செய்ததுதான். மருத்துவர் நோயைக் கண்டறிவதும், தாவரவியலாளர் இலையைப் பார்த்து மரத்தின் பெயரைச் சொல்வதும் இந்த வழியில்தான்.

ஆணை இல்லாமல் கைது இல்லை

விளையாட்டில் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. சரியான ஊருக்குப் போய், சரியான ஆளை நேருக்கு நேர் பார்த்துவிட்டாலும், அவர் பெயரில் கைது ஆணை இல்லாவிட்டால் பிடிக்க முடியாது. ஐந்து விவரங்களில் போதுமானவற்றைச் சேர்த்து, பட்டியலில் ஒருவர் மட்டும் மிஞ்சினால்தான் கணினி ஆணை கொடுக்கும். தவறான பெயரில் ஆணை வாங்கியிருந்தாலும் திருடர் தப்பிவிடுவார்.

“எனக்குத் தெரியும், இவர்தான்” என்று சொன்னால் போதாது. எப்படித் தெரியும், எந்த ஆதாரத்தால் தெரியும் என்று விளையாட்டு கேட்டது. கணக்கில் விடை சரியாக இருந்தும் வழிமுறை எழுதாததால் மதிப்பெண் போனது என்று நீங்கள் வருந்தியிருந்தால், ஆசிரியர் ஏன் அப்படிச் செய்கிறார் என்பது இப்போது புரியும். அறிவியலில் முடிவைவிட அந்த முடிவுக்கு வந்த வழி முக்கியம். வழியைக் காட்டினால்தான் மற்றவர்கள் அதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

நேரமும் ஒரு கட்டுப்பாடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் திருடரைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு விசாரணைக்கும் பயணத்துக்கும் சில மணி நேரம் கழியும். இரவில் துப்பறிவாளர் உறங்குவதற்கும் நேரம் போகும். புத்தகத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாகப் பறந்து தவறான ஊரில் இறங்கினால், “அப்படி யாரையும் பார்க்கவில்லையே” என்ற பதில்தான் கிடைக்கும். திரும்பிவர வேண்டும், மீண்டும் நேரம் போகும். புத்தகத்தைப் புரட்டுவதற்கோ விளையாட்டின் கடிகாரத்தில் ஒரு நிமிடமும் கழியாது. அவசரப்பட்டு ஊகிப்பவர் இழப்பார், நிதானமாகச் சரிபார்ப்பவர் வெல்வார் என்பதை யாரும் அறிவுரையாகச் சொல்லவில்லை. விளையாட்டின் விதியே அதைச் சொன்னது.

தேடியது நினைவில் நிற்கும்

தாமாகவே தேடிக் கண்டுபிடித்த விவரம் மனத்தில் ஏன் பதிகிறது? உளவியல் ஆய்வுகள் இதற்கு ஓரளவு விளக்கம் தருகின்றன. 1978இல் நார்மன் ஸ்லமெக்கா, பீட்டர் கிராஃப் என்ற இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குச் சொற்களை இணை இணையாக முழுமையாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு இரண்டாவது சொல்லின் முதல் எழுத்தை மட்டும் கொடுத்து, மீதியைத் தாமாகவே நிரப்பச் சொன்னார்கள். தமிழில் செய்வதானால் ‘வேகம் – விரைவு’ என்று கொடுப்பதற்குப் பதில் ‘வேகம் – வி’ என்று கொடுத்ததுபோல. பிறகு சோதித்தபோது, தாமாகவே நிரப்பியவர்களுக்குச் சொற்கள் கூடுதலாக நினைவில் இருந்தன. சிறிய முயற்சிதான், ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்தது.

2011இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் பெட்சி ஸ்பாரோவும் அவருடைய குழுவினரும் வேறொரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்கள் பல பொது அறிவுத் தகவல்களைக் கணினியில் தட்டச்சு செய்தார்கள். அவை கணினியில் சேமிக்கப்படும் என்று சிலரிடம் சொன்னார்கள். அழிக்கப்பட்டுவிடும் என்று மற்றவர்களிடம் சொன்னார்கள். அழிந்துவிடும் என்று நம்பியவர்களே அதிகமாக நினைவு வைத்திருந்தார்கள். ‘எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்’ என்று தெரிந்தால் மனம் அதைச் சுமக்க மெனக்கெடுவதில்லை.

இப்போது உங்கள் வீட்டுப்பாடத்தை நினைத்துப் பாருங்கள். கேள்வியைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டுகிறீர்கள். சில நொடிகளில் அழகான பத்தி ஒன்று வருகிறது. அதை எடுத்து எழுதுகிறீர்கள். விடை உங்கள் ஏட்டில் இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா? துத்தநாகமா அலுமினியமா என்று தேர்வு அறையில் முடிவுசெய்ய வேண்டிய நேரத்தில் அந்தப் பத்தி துணைக்கு வராது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இந்தச் செயலிகள் சில வேளைகளில் தவறான தகவலையும் அதே சரளத்தோடு, அதே உறுதியோடு சொல்கின்றன. தடுமாற்றம் எதுவும் தெரியாது. தேடிப் பழகியவருக்குத்தான் “இது சரியா?” என்ற கேள்வி எழும். தேடும் பழக்கமே இல்லாதவர், தவறான ஊருக்கு விமானம் ஏறிவிட்டோம் என்பதைக்கூட அறிய மாட்டார்.

காலாவதியான விடைகள்

கார்மனைத் துரத்திய பிள்ளைகள் கற்றுக்கொண்ட பல விவரங்கள் இன்று செல்லாது. பிரான்சின் ஃபிராங்க், இத்தாலியின் லிரா, கிரேக்கத்தின் டிராக்மா ஆகியவற்றைத் துப்பாக வைத்து அன்று நாட்டைக் கண்டுபிடிக்கலாம். 2002இல் யூரோ நாணயமும் தாளும் புழக்கத்துக்கு வந்தபின் அவை மறைந்துவிட்டன. விளையாட்டில் மாஸ்கோ சோவியத் ஒன்றியத்தின் தலைநகரம். 1991இல் அந்த ஒன்றியமே கலைந்து 15 நாடுகளாயிற்று. பெய்ஜிங் நகரம் அந்த விளையாட்டில் ‘பீக்கிங்’ என்ற பழைய பெயரில் இருந்தது.

1991 முதல் 1995 வரை அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் இந்த விளையாட்டின் பெயரில் ஒரு புதிர்ப் போட்டி நடந்தது. உலக வரைபடம் மாறிக்கொண்டே இருந்த காலம் அது. நிகழ்ச்சியின் புவியியல் தகவல்கள் ஒளிப்பதிவு செய்த நாளில் சரியாக இருந்தவை என்று இறுதியில் ஓர் அறிவிப்புப் போட்டார்கள். அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு தேதி உண்டு என்று அது பிள்ளைகளுக்குச் சொன்னது.

அறிவியலிலும் அப்படித்தான். உங்கள் பெற்றோர் பள்ளியில் ஒன்பது கோள்கள் என்று படித்தார்கள். 2006இல் புளூட்டோ குறுங்கோள் வரிசைக்குப் போனது. தனிம அட்டவணையின் ஏழாவது வரிசையில் நிஹோனியம் உள்ளிட்ட நான்கு தனிமங்களுக்கு 2016இல்தான் பெயர் சூட்டப்பட்டது. மனப்பாடம் செய்த விடை பழையதாகிவிடலாம். ‘எங்கே பார்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது, இது எந்த ஆண்டுத் தகவல்’ என்று கேட்கும் பழக்கம் பழையதாகாது. ஆண்டுதோறும் புதிதாக அச்சிடப்படும் நூலைப் பெட்டிக்குள் வைத்ததில் இந்தப் பாடமும் அடங்கியிருந்தது.

குறைகளும் உண்டு

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த விளையாட்டில் நாடு என்றால் கொடி, நாணயம், தலைநகரம்தான். அங்கே மக்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அந்த ஆற்றங்கரையில் நகரம் எழுந்தது போன்ற கேள்விகளுக்கு இடம் இல்லை. சில முறை ஆடியதும் அதே துப்புகள் திரும்ப வந்தன. ஒருசில ஊர்களில் ஒன்று என்பதால், புத்தகத்தைத் தொடாமலேயே அதிர்ஷ்டத்தை நம்பி ஆடியவர்களும் இருந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் கணினி வைத்திருப்பது எல்லாக் குடும்பத்தாலும் முடிகிற காரியமும் அல்ல.

கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தடித்த புத்தகத்துக்குத் திரும்புங்கள் என்றும் நான் சொல்லவில்லை. அச்சிட்ட நூலைவிட இணையத்தில் தகவல் அதிகம், புதியதும்கூட. நல்ல கேள்வி கேட்டால் செயற்கை நுண்ணறிவும் நல்ல துணையாக இருக்கும். அதைத் துப்புக் கொடுக்கும் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம். தீர்ப்புச் சொல்லும் நீதிபதியாக்கிவிடக் கூடாது என்பதே என் கருத்து. சாட்சி சொன்னதை நல்ல துப்பறிவாளர் சரிபார்ப்பார்.

பாடச்சுமை அதிகம், எல்லாக் கேள்விக்கும் இப்படித் தேட நேரம் ஏது என்று நீங்கள் கேட்பது நியாயம். எல்லாவற்றுக்கும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் செயலியைத் திறக்காமல் உங்கள் ஊகத்தை ஒரு தாளில் எழுதுங்கள்; தவறாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் விடையைத் தேடுங்கள். அவை எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்று பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மகிழ்ச்சியடையுங்கள். அங்கேதான் உண்மையான துப்பறிதல் தொடங்குகிறது. முடிவுக்கு வந்ததும், என்ன ஆதாரத்தால் வந்தீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் கைது ஆணை.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் பிள்ளைகளை நம்பினார்கள். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் பெரியவர்களின் தகவல் நூலைத் திறந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ள முடியும் என்று நம்பினார்கள். இன்று விடையை உடனே நீட்டும் கருவிகள், உங்களுக்குத் தேடத் தெரியாது என்பதுபோல நடந்துகொள்கின்றன. அது உண்மையில்லை என்று அடுத்த ஒப்படைப்பிலேயே நீங்கள் காட்டலாம்.